கிளிப் சொல்லாத பாதி

எங்கள் வீட்டில் நலம் விசாரிக்கும் வழக்கம் நின்று வெகுநாளாகிறது ஐயா. எண் எவ்வளவு என்றுதான் கேட்போம். வெளியூரில் இருக்கும் மகள் சாயங்காலம் போனில் வந்ததும், "எவ்வளவும்மா?" என்பாள். என் கணவரின் விரலில் மாட்டியிருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் கிளிப்பை அவளுக்குக் காட்டுவேன். அவருக்குத் தொண்ணூறே போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகளுக்கு அது பள்ளிக்கூட மார்க் மாதிரி, நூறை ஒட்டி இருந்தால்தான் திருப்தி.

சிகரெட்டில் கெட்ட நுரையீரல். ஆக்சிஜன் இயந்திரத்தின் திருகில் மருத்துவர் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, இதைத் தாண்டக் கூடாது என்றார். எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மணிக்கட்டில் ரத்தம் எடுத்து வாயுச் சோதனைக்கு அனுப்பியே கை பழகியவள். விரல் கிளிப்புக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும், கரியமில வாயு தெரியாது. இவரைப் போன்றவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கிளிப்பில் எண் அழகாக ஏறும். உள்ளே கரியமில வாயுவும் சேர்ந்தே ஏறும். ஆள் சொக்கிப்போய் உளற ஆரம்பிப்பார்.

முதல் தடவை அதைச் செய்தது நானில்லை. லீவில் வந்திருந்த மகள், அப்பாவுக்கு எண் குறைவாக இருக்கிறதே என்று திருகைக் கூட்டிவைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். நான் சூப்போடு அறைக்குள் போனபோது அவர் முகம் சிவந்து, கண் பாதி மூடியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

எனக்கு அக்கா கிடையாது. ஒரு தங்கைதான். அவளுக்குத்தான் அக்கா உண்டு.

திருகைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, சூப் ஆறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தங்கையைப் படிக்க வைத்ததே நான்தான். எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். இரவுப் பணிக்குக் கிளம்பும்போது, அத்தானுக்குச் சாப்பாடு எடுத்துவை என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவேன். இத்தனை வருடம் இரண்டு பேரும் என்னை முட்டாளாக வைத்திருந்தார்கள்.

அவர் தெளிவாக இருக்கும்போது கேட்டிருக்கலாமே என்பீர்கள். தெளிந்த மனிதர் பூசி மெழுகுவார். மகள் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் நானே ஸ்டிக்கரைத் தாண்டித் திருகினேன். அவர் கண் சொக்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க அத்தான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க" என்பதைத் தவிர வேறு விதமாக நான் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

அதன்பிறகு அடிக்கடி கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிடைக்கும். போதுமானது கிடைத்ததும் குறைத்துவிடுவேன். பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பேன். நான் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. தங்கை பழத்தோடு பார்க்க வருவாள். "நீ இல்லன்னா அத்தான் கதி என்னாகும்க்கா" என்பாள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை அளவாகத்தான் போட்டேன். ஒரு நாள் நான் குறைப்பதற்குள் போனில் வந்த மகள், தொண்ணூற்றெட்டைப் பார்த்துப் பூரித்துப்போனாள். என்னைப் போல யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்றாள்.

அவர் போனதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு மகள்தான் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள், "தொண்ணூத்தொம்பது இருந்துச்சேம்மா, அப்புறம் எப்படிம்மா?" அவள் தலையைக் கோதிவிட்டேன். அவளிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

கடைசி மத்தியானம் அவர் வழக்கம்போலப் பேசவில்லை. என்னைத் தங்கை என்று நினைத்துக்கொண்டு, கண்டிப்பான குரலில், "இனிமே இந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். அது அவர்களுடைய கடைசிப் பேச்சு, அவள் கல்யாணத்துக்கு முன்பே முடிந்துபோனது என்று எனக்குப் புரிந்தது.

"ஏன் அத்தான்?" என்றேன்.

"உங்க அக்காவை விட்டு வர முடியாது. எனக்கு அவதான் வேணும்."

இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூச்சு மேலோட்டமாகிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. குறைக்கத்தான் கையை வைத்தேன் ஐயா. குறைத்தால் தெளிந்துவிடுவார், தெளிந்தால் அதைச் சொல்ல மாட்டார். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

கூட்டினேன்.