மல்லாட்டைக் கூடைக்குள் ஒரு தலை

யுத்த காலம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சர் வண்டியில், எதிர்ப் பலகையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து மீட்டிங்குல ஒரு ஆளு எங்கூடைக்குள்ள தலைய வுட்டுக்கினான்டி!" என்றாள் மூத்தவள்.

"எதுக்குக்கா?"

"சோடா பாட்டில் வெடிச்சிது. ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான்னு நெனச்சிக்கினான்."

அந்த வீரன் நான்தான். பெட்டியில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். தோளில் கிடந்த துண்டை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிக்கத்தான் வந்தாங்க. 'எந்தம்பிதான், காதுவலி, காத்து படக்கூடாது'ன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு, நடுக்கம் நிக்கிறவரைக்கும் கூடையப் புடிச்சிக்கினே இருந்தேன்."

கூட்டம் கலைந்தபின் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததையும், முகத்தில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை முந்தானையால் துடைத்துவிட்டதையும் அவள் சொல்லவில்லை.

"இப்ப பாத்தா அடையாளம் சொல்லுவியாக்கா?"

பக்கத்துப் பலகைக்காரர்களும் திரும்பினார்கள். நேற்று விழாத குண்டு இப்போது விழப்போகிறது என்று எனக்கு வியர்த்தது. மூத்தவள் துண்டுக்கு மேலே தெரிந்த என் கண்களை நேராகப் பார்த்தாள்.

"தலதான் கூடைக்குள்ள இருந்திச்சேடி, மூஞ்சிய நான் எங்க பாத்தேன்?"