சர்க்யூட் போர்டை யார் வாங்குவது?

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும் காலை ஃபெரியில், ஒரே தொழிற்சாலையின் சட்டை அணிந்த ஓர் அண்ணனும் ஓர் இளம்பெண்ணும் எனக்கு முன்னால் நின்றார்கள்.

“அவங்கவங்க நாட்டுச் சாமானையே வாங்குனா உலகத்துல சண்டையே இல்ல, தங்கச்சி,” என்றார் அவர்.

“அப்ப நாம செய்யிற சர்க்யூட் போர்டை யாருண்ணே வாங்குவா? சுங்கை பினாங்குல வீட்டுக்கு ரெண்டு மாட்டிக்குவாங்களா? அமெரிக்காக்காரன் வரி போட்டதுலேருந்து என் கான்ட்ராக்டே இழுபறி.”

“அதைக் கேக்கத்தான் உலக வர்த்தக அமைப்பு இருக்கே. என்னத்தக் கிழிச்சுச்சு?”

“ஆட்டத்துல விசிலை யாரும் மதிக்கலன்னு ரெஃப்ரியையே வீட்டுக்கு அனுப்புவீங்களா? அப்புறம் மிதி வாங்குறது நம்மள மாதிரி சின்ன நாடுதான்லா.”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கைப்பேசி அதிர்ந்தது. படித்ததும் துள்ளினாள்.

“ஜெர்மனிக்காரன் ஆர்டர் குடுத்துட்டானாம்ணே! எனக்கு இன்னும் ஆறு மாசம் வேலை!”

அண்ணன் அவள் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“அந்த ஆர்டர்ல என் அசெம்பிளி லைனும் ஓடுமா, தங்கச்சி?”