அரத்தால் தேய்த்த ரேம்

"சேரலன்னா விட்ருவனா? அரத்தால தேச்சு உள்ள ஏத்திட்டேன்."

சாரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். மடியில் ஒரு பழைய லேப்டாப். பக்கத்தில் அவர் வயதுள்ள நண்பர்.

"எதப்பா தேச்ச?"

"ரேம் அட்டைய. எங்கிட்ட இருக்கிறது பட்டன் போனு. பிரான்ஸ்லேர்ந்து பொண்ணு இதுல பேசுனா படம் நின்னு நின்னு வருது. ரேம் கூட்டிப் போட்டா சரியாவும்னாங்க, வாங்கினு வந்தேன். பாத்தா, அடியில இருக்கிற வெட்டு ஒரு நூல் தள்ளி இருக்குது."

"கடையில மாத்த வேண்டியதுதான?"

"மில்லுல ஃபிட்டரா இருந்தவன்ப்பா நானு. ஒரு வெட்டுக்காகக் கடைக்கு ஓடுவனா?"

"அப்பறம்?"

"ஆன் பண்ணேன். கருகுன வாசன வந்துச்சு. பழைய லேப்டாப்புக்குப் பழைய ரகம்தான் சேருமாம், இப்ப சொல்றான் கடைக்காரன். போர்டே போச்சாம்."

நண்பர் குனிந்து லேப்டாப்பை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணி எப்டி இருக்காங்க?"

"தண்ணி மட்டுந்தான் எறங்குது. பொண்ணு நெறமாசம், பிளேன்ல ஏத்த மாட்டாங்க. 'பொண்ணு மூஞ்சியக் காட்டு'ன்னு காலைலேர்ந்து கேட்டுக்கினே இருந்தா."

"இன்னா சொன்ன?"

"கரண்ட் இல்லன்னு சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"படுத்துக்கினே, மேல ஓடுற ஃபேனையே பாத்துக்கினு இருந்தா. அதுக்கப்பறம் கேக்கவே இல்ல."