நீல மூலைக் கூலி

— எவ்வளவு குறைக்கச் சொல்லி அனுப்பினான் ஹால்பின்?

— நான் இன்னும் வாயே திறக்கலையே, ஜனீன் அக்கா.

— திறந்துதான் ஆகணுமா? நாளைக்கு என்னோட மோதப்போற பொண்ணு, எடை பார்த்து இறங்கின கையோட, கொட்டுற மழையில என் காரைத் தேடி வந்து கதவைத் தட்டுறா. சிப்ஸ் திங்கவா வந்திருப்பே? கதவைத் தூக்கி இழுத்துச் சாத்து, ஷானன். இல்லேன்னா பாதியில நிக்கும்.

— முந்நூறு.

— முந்நூறு பவுண்டா?

— ஆயிரத்து இருநூறுன்னு பேசின உங்க கூலியை தொள்ளாயிரமா வாங்கிக்கச் சொல்றாரு. இல்லேன்னா நம்ம சண்டையையே எடுத்துடுவாராம். ‘நீயே போய்க் கேளு, பொம்பளைங்க நீங்களே பேசித் தீர்த்துக்கங்க’ன்னாரு.

— அவனுக்கென்ன, குத்துச்சண்டை நடத்துறவன், கோட்டு கசங்காம சொல்லிடுவான். எத்தனை டிக்கெட் வித்தே?

— முப்பத்தெட்டு.

— அட கடவுளே.

— எண்பது வித்தாத்தான் உங்க கூலி, டாக்டர், ஆம்புலன்ஸ், மண்டப வாடகை எல்லாம் அடையும். அதுக்கு மேல விக்கிறதுலதான் எனக்குன்னு ஏதாவது நிக்கும். சத்தியமா நான் அலையாத இடம் இல்லக்கா. முடி வெட்டிக்க வர்றவங்க ஒருத்தரையும் விடல. மொதல் சண்டைக்கு ஆசையா வாங்கினாங்க. ரெண்டாவதுக்குச் சிரிச்சு மழுப்பிக்கிட்டே வாங்கினாங்க. இப்ப கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்ததும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிறாங்க. ரெண்டு பேர் கடையையே மாத்திட்டாங்க.

— பின்ன? நாப்பத்தஞ்சு பவுண்டு குடுத்து உன்னைப் பார்க்கறதுக்கு, அந்தக் காசுல அவங்க தலைக்குச் சாயம் போட்டுக்கலாம். இந்தா, சிப்ஸ் எடு. வினிகரைக் கொஞ்சம் தூக்கலா ஊத்திட்டான்.

— வேண்டாங்க்கா. எறங்காது.

— எடை பார்த்தாச்சு, இனிமே என்ன பயம்? வண்டியில மீன் நாத்தம்னு யோசிக்கிறியா? க்ரிம்ஸ்பியில மீன் வெட்டுறவ வண்டியில மல்லிப்பூவா மணக்கும்?

— அய்யோ, அதெல்லாம் இல்லக்கா.

— சரி விடு. கேட்டுக்க கண்ணு, உன்மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா குறைக்க மாட்டேன். ஃபேக்டரியில மூணு வாரம் கத்தியோட நின்னா வர்ற காசு இது. இதை நம்பி வீட்டுக்காரனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், ரெண்டு மாச வாடகை பாக்கி. நீ சிவப்பு மூலை. உன் ஊரு, உன் சனம், வித்துப் பொழைச்சுக்க. நான் நீல மூலை. வெளியூர்க்காரி. எனக்குக் கை தட்ட ஒருத்தன் வரமாட்டான். வந்து நிக்கறதுக்குப் பேசின கூலி மட்டுந்தான். ஜெயிச்சாலும் அதே, தோத்தாலும் அதே. இந்தத் தொழில்ல நிச்சயம்னு இருக்கறது அது ஒண்ணுதான், அதுல போய்க் கை வைக்கிறியே.

— நீங்க தோக்க மட்டுந்தானே வர்றீங்க?

— பார்றா, வாய் இருக்கு உனக்கு! ஆமா. முப்பத்தாறு சண்டை, முப்பத்தாறும் தோல்வி. சும்மா இல்ல அது. தோக்கறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. தாடையில வாங்கலாம், விலாவுல வாங்கலாம், புருவத்துல மட்டும் வாங்கவே கூடாது. கிழிஞ்சுதுன்னா டாக்டர் ஒரு மாசத்துக்கு உக்கார வெச்சுடுவான். மயங்கி விழுந்தா அதைவிட மோசம். அந்த மாசம் யாரு சோறு போடுவா? அடியை வாங்கிக்கிட்டு, முழுசா வீடு போய்ச் சேரணும். நடுவுல உன்னை மாதிரிப் பொண்ணுங்களையும் கரை சேர்க்கணும். டான்காஸ்டர்ல ஒருத்தி, மூணாவது ரவுண்டுலயே நாக்கு தள்ளிடுச்சு அவளுக்கு. நான் கட்டிப் பிடிச்சு நிறுத்தலேன்னா பொத்துன்னு விழுந்திருப்பா. அவங்கம்மா கடைசியில வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு...

— அக்கா, அப்பா வர்றாரு. ஒண்ணும் சொல்லாதீங்க.

— ஷானன்! இங்கயாடி உக்காந்திருக்கே, ஊரெல்லாம் தேடறேன். ஜன்னலை எறக்கு ஜனீன்.

— எறங்காது கீத். கதவைத் திறந்துக்க.

— என்ன ரகசியம் பேசறீங்க ரெண்டு பேரும்? நாளைக்கு எந்தக் கன்னத்துல விடட்டும்னு கேக்கறாளா எம்பொண்ணு?

— அப்பா, நனையறீங்க. உள்ள போங்க.

— நனைஞ்சா கரைஞ்சா போயிடுவேன்? இங்க பாரு ஜனீன். அந்த ஹால்பின் பய இப்பத்தான் வாயைத் திறந்தான், உன் கூலியில கைவைக்க இவளை அனுப்பினேன்னு. எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிடுச்சு. எம்பொண்ணோட மோத வர்றவளுக்குப் பேசின காசைக் குடுக்காத பரதேசியா நானு? ஒரு பென்னி குறையாது. மிச்சத்தை நான் போடறேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டேன்.

— எதுலேர்ந்துப்பா போடுவீங்க?

— அது உன் கவலை இல்ல. உன் கவலை அந்த இடது கை. நீ போய்ச் சூடா சூப்பு குடி. நாளைக்கு ஜெயிச்சா ஆறு, ஜனீன். ஆறுக்கு ஆறு! அடுத்தது பட்டத்துக்கு மோதறா. டி.வி. வந்துட்டா இந்த டிக்கெட் பிச்சையெல்லாம் கிடையாது. நேத்து லீட்ஸுக்கு ஒரு சவாரி. ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் அந்த ஆளுக்கு இவ கதைதான். எறங்கும்போது கேக்கறான், ‘பொண்ணோட கையெழுத்து வாங்கித் தர முடியுமா’ன்னு. எப்படி?

— பெரிய ஆளுதான் உம்பொண்ணு.

— பின்ன! சரி, வர்றேன். ஜனீன், நாளைக்குப் புள்ளையைப் போட்டு ரொம்ப அடிச்சுடாத தாயி.

— அவ என்னை விட்டாப் போதும் கீத். பார்த்துப் போ, வழுக்கும்.

— ...போயிட்டாரு.

— நல்ல மனுசன். என்னை யாரும் இப்படி மரியாதையா நடத்தினதில்ல.

— அதுதான்க்கா பிரச்சனையே. லீட்ஸுக்கு ஓட்டினாருல்ல, அந்த டாக்ஸி அவரோடது இல்ல.

— என்ன சொல்றே? கீத் சொந்தமா வண்டி வெச்சிருக்கானே.

— வெச்சிருந்தாரு. வசந்தத்துலயே வித்துட்டாரு. இப்ப ஒருத்தன்கிட்ட வாடகைக்கு எடுத்து ஓட்டறாரு. கேட்டா, ‘இன்ஜின் தகராறு, அதான் தள்ளிவிட்டேன்’னாரு. நானும் நம்பினேன். போன சண்டைக்கு எண்பத்தாறு டிக்கெட் வித்துடுச்சுன்னு சொன்னாரு. நான் வித்தது நாப்பது. மிச்சத்தை டாக்ஸி ஸ்டாண்டு சிநேகிதங்க வாங்கிக்கிட்டாங்கன்னாரு. எனக்குத் தலைகால் புரியல, சந்தோசம். ரிங்குல ஏறி எங்காளுங்க இருக்கற பக்கம் கையைத் தூக்கறேன், பாதிக்குமேல நாற்காலி காலி.

— வரலையா அவங்க?

— வாங்கியிருந்தாத்தானே வர்றதுக்கு? எல்லாத்தையும் அவரே வாங்கியிருக்காரு. காலின்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு, ஒரு நாற்காலியில அவரோட கோட்டு. ஒண்ணுல தொப்பி. ஒண்ணுல குடை. நடுவுல எழுந்து நின்னு அவரு ஒருத்தரே நாப்பது பேர் மாதிரி கத்திக்கிட்டு இருக்காரு. அந்தக் குடையைப் பார்த்ததுலேர்ந்து எனக்குக் கை எழும்பவே இல்ல. எப்படியோ ஜெயிச்சேன்.

— சொல்லிடு கண்ணு. வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு.

— சொன்னேனே. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. காலைல பார்த்தா, நான் ஓடப் போற ஷூவுக்குப் புது லேஸ் கோத்து வாசல்ல வெச்சிருக்காரு. நான் என்ன செய்ய? போட்டுக்கிட்டு ஓடினேன்.

— சரி, இனிமே என்ன?

— நாளைக்கு ஜெயிச்சா பட்டச் சண்டைன்னு கிளம்புவாரு. அதுக்கு வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தியைக் கூட்டியாரணும், விமானம், ஓட்டல், அவ கூலி. டி.வி.யாவது ஒண்ணாவது, ஹால்பின் சும்மா சொல்றான். இனிமே விக்கறதுக்கு எங்க வீடுதான் இருக்கு. அதனாலதான் வந்தேன். முந்நூறு பேச்சு ஒரு சாக்கு. நாளைக்கு என்னை அடிச்சுப் போட்டுடுங்கக்கா.

— என்னது?

— ஒரு தடவை. நெசமா. நீங்க எறங்கி அடிச்சா நான் எம்மாத்திரம்? உங்ககிட்டத் தோத்துட்டேன்னா ஹால்பின் என்னைக் கை கழுவிடுவான். அப்பா காலைப் பிடிச்சாலும் எடுத்துக்க மாட்டான். டிக்கெட்டும் விக்கல, சண்டையும் தோத்தா, எவனுக்கு வேணும் என்னை? அப்பாவும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ‘முயற்சி பண்ணினா, முடியல’ன்னு ஓஞ்சுடுவாரு.

— ஏன், நீயே ஒரு அடியை வாங்கிப் படுத்துக்கயேன்.

— அவருக்குத் தெரிஞ்சுடும்க்கா. ஏழு வயசுலேர்ந்து என் காலைப் பார்த்துக்கிட்டு இருக்கற ஆளு. பொய்யா விழுந்தா அந்த நிமிசமே தெரிஞ்சுடும். அதை அவரு தாங்க மாட்டாரு. நெசமா விழணும்.

— நல்லா இருக்குடி. தோக்கறதுக்குக் காசு குடுக்கறவனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். ஜெயிச்சுக் குடுன்னு கெஞ்சறவளை இப்பத்தான் பார்க்கறேன்.

— விளையாடாதீங்கக்கா.

— நான் எங்க விளையாடறேன்? நீல மூலைக்காரி ஜெயிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? திங்கக்கிழமையிலேர்ந்து போன் அடிக்காது. ஊர்ப் பொண்ணைக் கவுத்துட்டு, அவ சனத்தை அழ வெச்சுட்டுப் போறவளை எவன் காசு குடுத்துக் கூப்பிடுவான்? ஹல் ஊர்க்காரி ஒருத்தி, ரெண்டு தடவை ஜெயிச்சா, அதோட அவ்வளவுதான். இப்ப சூப்பர் மார்க்கெட்டுல அலமாரி அடுக்கறா.

— அதையும் யோசிச்சுட்டுத்தான் வந்தேன். இந்தாங்க. அறுநூறு இருக்கு. முடி வெட்டின காசு, அப்பாவுக்குத் தெரியாது. போன் வராத ரெண்டு மாசத்துக்கு வெச்சுக்கங்க. பத்தலேன்னா மாசாமாசம் தர்றேன், சத்தியமா.

— உள்ள வை அதை.

— அக்கா...

— வைன்னு சொல்றேன்ல. கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு கிடக்கு, எவனாவது பார்த்தா ஏதோ கள்ள வியாபாரம்னு நினைப்பான்.

— உங்களுக்கு மனசு வரலையா? ஷெஃபீல்டுல, என் மொதல் சண்டையில, நீங்க விட்டுக் குடுக்கலையா? பயத்துல எனக்குக் கண்ணே தெரியல. நீங்க நினைச்சிருந்தா அன்னிக்கே நான் காலி. அன்னிக்கு எனக்காக விட்டுக் குடுத்தீங்க. நாளைக்கு எனக்காக விட்டுக் குடுக்காதீங்க. அவ்வளவுதானே கேக்கறேன்?

— ஷெஃபீல்டுல நான் விட்டுக் குடுத்தேன்னு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? ஜிம்முல எல்லாருக்கும் தெரியும். நீல மூலையில நிக்கறவங்க மனசு வெச்சாத்தான் எங்களுக்கு ஜெயிப்பு. என்னோட அஞ்சு ஜெயிப்பும் காசு குடுத்து வாங்கினதுன்னு எனக்குத் தெரியாதா? இப்ப நீங்களே சொன்னீங்களே, கரை சேர்த்து விடுவேன்னு.

— சொல்லுவேன். எல்லார்கிட்டயும் சொல்லுவேன். திங்கக்கிழமை காலைல மூஞ்சி பூசணிக்காயா வீங்கிப் போய் ஃபேக்டரியில நிக்கறேன்னு வை. பக்கத்து மேசைக்காரிங்க கேக்கறாங்க. ‘கூலிக்குத் தோத்துட்டு வந்தேன்’னா சிரிப்பாங்க. ‘கெட்டிக்காரிடி நீ’ம்பாங்க. அதுல ஒரு மரியாதை இருக்கு.

— எனக்குப் புரியலக்கா.

— புரிய வேண்டாம். நீ போ. உங்கப்பன் சூப்போட வாசல்ல காத்துக்கிட்டு இருப்பான்.

— போக மாட்டேன். நாளைக்கு அடிப்பீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தை சொல்லுங்க, எறங்கிடறேன்.

— என்ன வார்த்தை சொல்லச் சொல்றே?

— அடிப்பேன்னு சொல்லுங்க. ஜனீன் அக்கா, உங்களைத்தான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க. ஏன் அப்படி முழிக்கிறீங்க?

— தோக்கச் சொல்லி எவனும் என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல, கண்ணு. முப்பத்தாறு தடவையும் நான் ஜெயிக்கத்தான் ஏறினேன்.