மில் வாசலில் கவிழ்த்துப் போட்ட கல்

1979 நவம்பர் 1 ஆந் திகதி, முற்பகல் 9.20 மணி. பெயர்: அபூசாலி றஊப். வயது: 49. தொழில்: நெல் மில் முதலாளி. முகவரி: கடற்கரை வீதி, கல்முனை. தாமாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

நான் மூட்டை சுமந்து உழைத்து இந்த மில்லைப் போட்டவன். போன வருடச் சூறாவளிக்குப் பிறகு மில் வளவு சேறாகி வண்டிகள் புதைந்தபடியால், தை மாதம் என்னிடம் கூலிக்கு நிற்கும் தம்பிமுத்துவுடன் உழவு மெசினில் நாவிதன்வெளிப் பக்கம் போய், வயலுக்குள் இடிந்து கிடக்கும் கிறிஸ்தவர்களின் பழைய வேதக்கோயிலில் இரண்டு நடை சுவர்க்கல் ஏற்றினோம். அதன்பின் கோயிலின் பின்பக்கம் புல்லுக்குள் கிடந்த நான்கு சீமெந்துக் கற்களையும் ஏற்றச் சொன்னேன்.

"முதலாளி, இது சேமக்காலை. இதுக்குள்ள ஆக்கள் கிடக்காங்க" என்றார் தம்பிமுத்து.

எங்கள் மையவாடியில் புதைகுழியான கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு மீஸான் கட்டை நிற்கும். "மீஸான் இல்லாம என்ன கபுறு? ஏத்து" என்றேன். ஏற்றினார்.

மில்லில் இறக்கும்போது ஒரு கல்லில், ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய எழுத்தைக் கண்டேன். றோசலின், வயது ஆறு என்றிருந்தது. வாசித்தேன். தம்பிமுத்து தொடமாட்டேன் என்று விலகி நின்றபடியால் நானே அதைப் புரட்டி, எழுத்து மண்ணில் படும்படி மில் வாசலில் பதித்தேன். தெரியாமல் செய்தவன் கவிழ்த்துப் போட மாட்டான்.

அதன்பின் சென்ற மாதம், நாவிதன்வெளியிலிருந்து வாராவாரம் நெல் குற்ற வரும் பூமணி என்பவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "காக்கா, சூறாவளியோட என்ட மகள்ட கல்லக் காணல்ல. உங்கட மெசின் எல்லா இடமும் போகுது, கண்டாச் சொல்லுங்க" என்றார். அவருடைய வெறுங்கால் அந்தக் கல்லின் மேல்தான் இருந்தது. அந்த ஊர் நெல் முழுவதும் என் மில்லுக்கே வருவதை நினைத்து, "வெள்ளத்தில போயிருக்கும், தங்கச்சி" என்றேன். அடுத்த கிழமை வந்தவர், நான் சொன்னதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டதாகவும் மனம் ஆறிவிட்டதாகவும் சொன்னார்.

நேற்று, ஆத்துமாக்களின் திருநாளுக்காகச் சேமக்காலையைத் துப்புரவு செய்த ஊரார் கற்களைக் காணாமல் முறைப்பாடு செய்ய, தை மாதம் அங்கே மெசினில் சிலர் கண்ட தம்பிமுத்துவைப் பொலிஸார் பிடித்தனர். அவர் இதுவரை என் பெயரைச் சொல்லவில்லை என்று அறிந்தேன். இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அலவாங்கால் கற்களைக் கிளப்பினேன். வாசல் கல்லில் எழுத்து கொஞ்சமும் தேயவில்லை. நான்கையும் கொண்டுவந்து நிலைய முற்றத்தில் இறக்கியிருக்கிறேன். தம்பிமுத்துவில் குற்றமில்லை.

கல் எங்கே கிடந்தது என்று பூமணிக்குச் சொல்ல வேண்டாமென்று கேட்டேன். வழக்கென்றால் இதைக் கோட்டில் எல்லோர் முன்னும் வாசிக்கத்தான் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். அப்படியென்றால், அதற்கு முன் நானே போய் அவரிடம் சொல்ல விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்ன உண்மை. திருத்தச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பம்: அ. றஊப்