மூணு ஓட்டை

நாத்தனார்: ...தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்க அண்ணி.

அண்ணி: எதுக்கு? மயக்கமே இன்னும் சரியாத் தெளியல, பேசாமப் படு.

நாத்தனார்: வயித்தைப் பாக்கணும்.

அண்ணி: ஏன், காணாமப் போயிடுச்சா?

நாத்தனார்: மூணு ஓட்டைதான்னாரே டாக்டர்... கேமராவ விட்டு, குடல்வால்ல இருக்கிற கட்டிய எடுத்துருவோம்னு. தடவிப் பாத்தேன். தொப்புளுக்கு மேலருந்து அடி வரைக்கும் கட்டு ஓடுது.

அண்ணி: அது... பிளாஸ்திரி கொஞ்சம் தாராளமா ஒட்டிட்டாங்க. ஓசிதானே!

நாத்தனார்: இஸ்திரிக் கடையில நாள் பூரா துணி மடிக்கிறவ நான். மடிப்பு எது, கிழிசல் எதுன்னு கை சொல்லிடும்.

அண்ணி: ஆமா, பெரிய கை! சரி, கேளு. கட்டி நினைச்சதை விடப் பெருசாம். ஓட்டை வழியா இழுத்தா உடைஞ்சிடுமேன்னு, வயித்தைத் திறந்து முழுசா எடுத்துட்டாங்க.

நாத்தனார்: முழுசாவா?

அண்ணி: ம்... ஒரு பைக்குள்ள போட்டு, பூ மாதிரி.

நாத்தனார்: அப்புறம் ஏன் அண்ணன் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு?

அண்ணி: உங்கண்ணனுக்கு ரத்தம்னாலே ஆகாதே.

நாத்தனார்: இங்க ஏது ரத்தம்? நீங்க வேற அந்தத் துண்டைப் போட்டு முறுக்கிக்கிட்டே இருக்கீங்க. விடுங்க, பாவம்.

அண்ணி: தாகமா இருக்கா? உதட்டை நனைச்சு விடட்டுமா?

நாத்தனார்: உடைஞ்சிருச்சா அண்ணி?

அண்ணி: அவங்க உடைக்கலடி. எப்பவோ உடைஞ்சிருந்திருக்கு. கட்டிக்குள்ள சளி மாதிரி இருந்தது வயிறு பூராப் பரவி, கண்ட இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்காம். முடிஞ்ச வரைக்கும் எடுத்திருக்காங்க.

நாத்தனார்: மிச்சம்?

அண்ணி: உடம்பு தேறினதும் இன்னொரு தடவ திறக்கணுமாம். மருந்தைச் சூடு பண்ணி உள்ள விட்டுக் கழுவுவாங்களாம். அப்பவும்... உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு.

நாத்தனார்: சூடுதானே. எனக்குப் பழக்கம்தான்.

அண்ணி: சிரிக்காதடி, தையல் பிரிஞ்சிடும்.

நாத்தனார்: நான் சிரிக்கல அண்ணி.

அண்ணி: ...டாக்டர் ஒண்ணு கேட்டாரு. முன்ன எப்பவாச்சும் விட்டு விட்டு வலிச்சு, ஒரு நாள் உயிர் போற மாதிரி வந்து, தானா அடங்குச்சான்னு. லேசா வலிச்சப்பவே வந்திருந்தா மூணு ஓட்டையோட முடிஞ்சிருக்குமாம்.

நாத்தனார்: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: அடிச்சுச் சொல்லிட்டேன். 'ஒரே வீட்டுல இருக்கோம் சார், அவளுக்குத் தலைவலின்னாக்கூட எனக்குத் தெரியாம இருக்காது'ன்னு. சரிதானே?

நாத்தனார்: அந்தப் போர்வைய இழுத்து விடுங்க அண்ணி.

அண்ணி: ஏய், பேச்சை மாத்தாத. சரிதானே?

நாத்தனார்: வீட்டுல நீங்க எங்க இருந்தீங்க அண்ணி... பாப்பா குறை மாசத்துல பொறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்துச்சே, அப்பதான் வலிச்சுது. அதை விட்டு நகர மாட்டேன்னு இதே ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தீங்க. நானும் படுத்துட்டா உங்களுக்கு யாரு சாப்பாடு கொண்டு வர்றது? ஒரு நாள் முடியவே இல்ல. கீழ மாடிப்படியில சுருண்டு கெடந்துட்டு, அடங்கினப்புறம்தான் மேல வந்தேன். சோறெல்லாம் ஆறிப் போச்சுன்னு நீங்ககூடத் திட்டினீங்க.