ரீதாஜின் நோன்பு

விருந்து மேசைக்கு வெள்ளை விரிப்புதான் போட வேண்டும் என்பது எப்போதும் என் கட்சி, ஐயா. கறை படிந்தால் படியட்டும், கொடுக்க வருகிறவன் கண்ணுக்கு மேசை நிறைவாகத் தெரிய வேண்டும். எங்கள் பேட்டை உணவு வங்கிக்காக ரமளான் கடைசியில் நடக்கும் நோன்பு திறக்கும் விருந்தை இத்தனை வருடமாக நடத்துவது நான்தான். அலெக்சாந்திரியாவின் துணி வியாபாரிகளும் மீன் ஏலக்காரர்களும் அன்று வருவார்கள். நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்கு முன்னால், நாங்கள் உணவுப்பெட்டி கொடுக்கும் குடும்பம் ஒன்றை மேடையேற்றுவோம். அதைப் பார்த்துத்தான் பணப்பை திறக்கும்.

போன வருடம் ஏற்றிய குடும்பம் கொழுகொழுவென்று இருந்தது. முன்வரிசையில் இருந்த மீன் ஏலக்காரர் ஷஹாத்தா சத்தமாகவே சொன்னார்: "இந்தப் பயலப் பாருய்யா, இவன்தான் நமக்குச் சோறு போடணும் போல!" அரங்கமே சிரித்தது. சிரித்தவர்கள் கொடுக்கவில்லை. கோடையில் கிடங்கு காலியாகி, வாசலில் வந்து நின்ற பெண்களை வெறுங்கையோடு அனுப்பினேன். அந்த முகங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதனால் இந்த வருடம் இன்ஷிராவைத் தேர்ந்தெடுத்தேன். கணவனைக் கடலில் பறிகொடுத்தவள். ஒரே மகள் ரீதாஜ், ஒன்பது வயது. குளிர்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்த பிள்ளை, எங்கள் பெட்டியின் அரிசியிலும் பருப்பிலும் நன்றாகவே தேறிக்கொண்டிருந்தாள். ரமளான் பிறந்ததும் அந்தப் பெட்டியை நிறுத்தினேன்.

"இன்னும் சரக்கு வரலம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

"பரவால்லண்ணே. எங்களவிட இல்லாதவங்க இருப்பாங்க, மொதல்ல அவங்களுக்குக் குடுங்க" என்றாள். பிறகு கேட்டு வரவே இல்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெருவில் போடும் தர்மப் பந்தியிலும் உட்காரமாட்டாள், மானக்காரி.

இன்ஷிராவின் பக்கத்து வீட்டு உம் வஹீத் ஒரு நாள், "அந்த வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"அவங்க நம்ம பொறுப்பு. நீ வேற வீட்டப் பாரு" என்றேன்.

வேறு மாதமாயிருந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்த்து யாராவது விசாரித்திருப்பார்கள். ரமளானில் எல்லோர் உதடும்தான் காய்ந்திருக்கிறது. "இத்துனூண்டு புள்ள முழு நோன்பு புடிக்கிறா! நம்ம வீட்டுத் தடியனுங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கிறானுங்க" என்று உம் வஹீத் தெருவெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தாள். ரீதாஜ் மறுக்கவில்லை. நோன்பு திறக்க அந்த வீட்டில் இருந்தது ரொட்டியும் தேநீரும்தான், அதுவும் தினமும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் போவேன்.

விருந்தன்று பாங்குக்குக் கொஞ்சம் முன்பு இருவரையும் மேடையேற்றினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரீதாஜ் சரிந்து விழுந்தாள்.

"நோன்போட விழுந்துட்டியே, என் தங்கமே!" என்று ஷஹாத்தா வாய்விட்டு அழுதார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்தார். பெண்கள் வளையல்களைக் கழற்றினார்கள். மகளின் தலையை மடியில் ஏந்திய இன்ஷிரா என்னைப் பார்த்து, "தண்ணி, அண்ணே" என்றாள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூட்டம் இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருந்தேன். பாங்கு கேட்கும்வரை பேசினேன்.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில நாள் ஓட்டினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை, ஐயா. சோற்றில் கை வைக்க முடியவில்லை. இதயமும் இல்லை, விதியும் இல்லை. அவளைப் பட்டினி போட்டுக் கொன்றது நான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கிடங்கு இப்போது நிரம்பி வழிகிறது. வருகிற ரமளான் விருந்துக்கு ரீதாஜின் பெயரையே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேடைக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும், இன்ஷிராவிடம் நீங்கள் கேட்டு வாங்கித் தருவீர்களா? என் ஆள் போனால் கதவைத் திறக்கமாட்டாள். இந்த வருட ரமளானில் எடுத்ததாக இருந்தால் நல்லது.